முந்திக்கொள்வதா, காத்திருப்பதா?

வெளிநாட்டு ரயில்களில் முன்பதிவு என்பது பெரும்பாலும் இடத்துக்காக அல்ல, விலைக்காக. இந்த வித்தியாசம் புரியாவிட்டால் பணமும் போகும், நிம்மதியும் போகும்.

1995இல் வெளிவந்த 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' படத்தில் ஷாரூக் கானும் காஜோலும் ஸ்விட்சர்லாந்தில் ரயிலைக் கோட்டை விடுகிறார்கள். காதல் பிறக்கிறது. நிஜத்தில் அங்கே ரயிலைத் தவறவிடுகிறவர்களுக்குக் காதலிக்கக்கூட நேரம் கிடைக்காது. முக்கியத் தடங்களில் அரை மணியிலோ ஒரு மணியிலோ அடுத்த ரயில் வந்துவிடும். சாதாரண டிக்கெட் என்றால் அதே டிக்கெட்டில் ஏறிக்கொள்ளலாம். அபராதம் கிடையாது.

அதே ஜோடி பாரிஸில் டிஜிவி அதிவேக ரயிலைத் தவறவிட்டிருந்தால் கதை வேறு. கிளம்பும் நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே கதவுகள் மூடிக்கொள்ளும். ரயில் போன பிறகு கையிலிருக்கும் மலிவு டிக்கெட் வெறும் காகிதம். அடுத்த ரயிலுக்கு அன்றைய விலையில் புதிய டிக்கெட் வாங்கவேண்டும். அந்த விலை முதலில் கொடுத்ததைப் போலப் பல மடங்காக இருக்கலாம்.

ஒரே கண்டம், அடுத்தடுத்த நாடுகள், நேரெதிரான இரண்டு விதிகள். கோடை விடுமுறையில் ஐரோப்பாவுக்கோ ஜப்பானுக்கோ குடும்பத்தோடு கிளம்பும் இந்தியர்களைக் குழப்புவது இதுதான். எல்லா ரயிலுக்கும் ஊரிலிருந்தே டிக்கெட் எடுத்துவிடுவதா, அல்லது அங்கே போய்ப் பார்த்துக்கொள்வதா?

அறுபது நாள் பழக்கம்

இந்தியப் பயணிக்கு இது கேள்வியே அல்ல. முன்பதிவு அவரது ரத்தத்தில் ஊறியது. தீபாவளிக்கு ஊருக்குப் போகவேண்டுமானால் முன்பதிவு திறக்கும் அன்று காலையிலேயே உட்கார்ந்து டிக்கெட் பிடிக்கவேண்டும். 120 நாட்களாக இருந்த முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பர் 1 முதல் ரயில்வே 60 நாட்களாகக் குறைத்துவிட்டது. ஆனால் அவசரம் குறையவில்லை. தவறினால் காத்திருப்போர் பட்டியல், ஆர்ஏசி, கடைசியில் தட்கல்.

இங்கே பிரச்னை இடம். இரண்டு மாதம் முன்பு எடுத்தாலும் முந்தின வாரம் எடுத்தாலும் பெரும்பாலான ரயில்களில் கட்டணம் ஒன்றுதான். கிடைக்குமா என்பதுதான் கவலை. ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களில் 2016இல் வந்த ஏறுவிலைக் கட்டணம்தான் முக்கிய விதிவிலக்கு.

ஐரோப்பாவில் நிலைமை தலைகீழ். இடம் பெரும்பாலும் கிடைத்துவிடும், விலைதான் மாறும். விமானக் கம்பெனிகளைப்போல ரயில் நிறுவனங்களும் டிக்கெட்டுகளைப் பல அடுக்குகளாகப் பிரித்து விற்கின்றன. முதல் அடுக்கு மலிவு. அது தீர்ந்ததும் அடுத்த அடுக்கு, கூடுதல் விலையில். முன்கூட்டி வாங்குகிறவர் தன் சுதந்திரத்தை விற்றுத் தள்ளுபடி வாங்குகிறார். குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட ரயில், பெரும்பாலும் பணம் திரும்பாது.

ஆக, முன்பதிவு செய்வதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்றே கேள்விகள். இந்த ரயிலுக்கு முன்பதிவு கட்டாயமா? காத்திருந்தால் விலை ஏறுமா? திட்டம் மாறினால் எவ்வளவு நஷ்டம்? பெரும்பாலானோர் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். கையைக் கடிப்பது மூன்றாவது.

விலை ஏறும் ரயில், ஏறாத ரயில்

பிரான்சின் டிஜிவி, ஸ்பெயினின் ஏவிஇ, இத்தாலியின் ஃப்ரெச்சாரோஸா, லண்டனையும் பாரிஸையும் இணைக்கும் யூரோஸ்டார் எல்லாம் ஒரே ஜாதி. முன்பதிவு இல்லாமல் ஏறவே முடியாது; நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். இவற்றுக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுப்பது லாபம். குறிப்பாக யூரோஸ்டாரில் கடைசி நேரத்தில் வாங்குகிறவர் விமானக் கட்டணத்துக்குச் சமமாகக் கொடுக்க நேரலாம்.

போட்டி இருக்கும் தடங்களில் கொஞ்சம் மூச்சுவிடலாம். இத்தாலியில் 2012 முதல் ஓடும் தனியார் ரயிலான இதாலோ, அரசு ரயிலோடு மல்லுக்கட்டுகிறது. ஸ்பெயினில் 2021இல் உய்கோவும் 2022இல் இர்யோவும் வந்தபின் மாட்ரிட்-பார்சிலோனா தடத்தில் ஒரே நாளில் பல நிறுவனங்களின் விலைகளை ஒப்பிட்டு வாங்க முடிகிறது.

இரண்டாவது ஜாதி உள்ளூர், வட்டார ரயில்கள். ஃபிளாரன்ஸிலிருந்து சாய்ந்த கோபுரத்தைப் பார்க்க பீசாவுக்குப் போகும் வட்டார ரயிலில் கட்டணம் நிலையானது. மூன்று மாதம் முன்பு வாங்கினாலும் மூன்று நிமிடம் முன்பு வாங்கினாலும் அதே விலை. இருக்கை எண் கிடையாது. டிக்கெட் தீர்ந்துவிட்டது என்ற பேச்சும் கிடையாது. இதற்குச் சென்னையிலிருந்தே முன்பதிவு செய்வது தாம்பரத்துக்கு மின்சார ரயில் டிக்கெட்டை மூன்று மாதம் முன்னால் வாங்கி வைப்பதைப் போன்றது. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. காகித டிக்கெட்டை ஏறுவதற்கு முன் நிலையத்திலிருக்கும் இயந்திரத்தில் நுழைத்து முத்திரை குத்தவேண்டும். மறந்தால் டிக்கெட் இருந்தும் அபராதம்.

ஜெர்மனி நடுவில் நிற்கிறது. அதன் ஐசிஇ ரயில்களில் முன்பதிவு கட்டாயமல்ல; நின்றுகொண்டும் போகலாம். முழு விலை டிக்கெட் வாங்கினால் அன்று எந்த ரயிலிலும் ஏறலாம். மலிவு டிக்கெட் வாங்கினால் குறிப்பிட்ட ரயிலில்தான். அந்த ரயில் நேரத்துக்கு வருமா என்பது அடுத்த கேள்வி. ஒழுங்குக்குப் பெயர்போன நாட்டில் 2024இல் நேரத்துக்குச் சென்ற தொலைதூர ரயில்கள் 62.5 சதவீதம் மட்டுமே. ஆனால் ஒரு ஆறுதல்: சேருமிடத்தை 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாக அடைய நேரும் என்றால் மலிவு டிக்கெட்காரரும் வேறு ரயிலில் ஏறிக்கொள்ளலாம். இந்த விதியை அறியாதவர்தான் பிளாட்பாரத்தில் பதறி நின்று புது டிக்கெட் வாங்குகிறார்.

பிரிட்டனில் 'அட்வான்ஸ்' டிக்கெட்டுகள் சுமார் 12 வாரங்களுக்கு முன் விற்பனைக்கு வருகின்றன. லண்டனிலிருந்து எடின்பரோ போன்ற நீண்ட தூரத்துக்கு அவற்றை வாங்குவது புத்திசாலித்தனம். ஆக்ஸ்ஃபோர்டுக்கோ கேம்பிரிட்ஜுக்கோ ஒரு நாள் போய்வர அவசியமில்லை. வார நாட்களில் காலை நெரிசல் நேரம் கழிந்தபின் கிடைக்கும் 'ஆஃப் பீக்' டிக்கெட்டைக் கவுன்டரிலேயே வாங்கலாம், விலை ஏறாது.

விசாவுக்கு முன்பா, பின்பா?

இந்தியருக்கு இன்னொரு சங்கடம் இருக்கிறது. ஜெர்மானியர் மூன்று மாதம் முன்பே பாரிஸுக்கு மலிவு டிக்கெட் எடுக்கலாம். அவருக்கு விசா வேண்டாம். இந்தியருக்கு ஷெங்கன் விசா வரவேண்டும். 2024இல் இந்தியாவிலிருந்து சுமார் 11 லட்சம் பேர் ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பித்தார்கள். சுமார் 1.65 லட்சம் விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. அதாவது நூற்றுக்கு 15. அந்த ஆண்டு ஜூன் முதல் 90 யூரோவாக உயர்ந்துவிட்ட விண்ணப்பக் கட்டணமும் திரும்பாது.

நால்வர் கொண்ட குடும்பம் விசாவுக்கு முன்பே ஐந்து ரயில்களுக்குத் திரும்பப்பெற முடியாத டிக்கெட் எடுத்தால் பணயம் வைப்பது 20 டிக்கெட்டுகளை. ஒருவரது விசா மட்டும் தாமதமானாலும் குடும்பம் நகராது. மலிவு டிக்கெட்டில் மிச்சமாகும் தொகை, அந்த டிக்கெட் பயன்படாமல் போகும் அபாயத்துக்கு ஈடாகுமா என்று பார்க்கவேண்டும்.

இதற்கு நடுவழி உண்டு. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். சீக்கிரம் விண்ணப்பித்து, விசா கைக்கு வந்த அன்றே அதிவேக ரயில்களுக்கு டிக்கெட் எடுப்பது உத்தமம். அதற்குள் எடுத்தே ஆகவேண்டும் என்றால் ரத்து செய்யக்கூடிய ரகத்தை வாங்கவேண்டும். டிஜிவியின் வழக்கமான 'இனூயி' டிக்கெட்டுகள் ஓரளவு இரக்கம் கொண்டவை. பயணத்துக்கு ஒரு வாரம் முன்புவரை ரத்து செய்தால் பிடித்தம் இல்லை. அதே நிறுவனத்தின் மலிவு ரகமான உய்கோவில் அந்தத் தாராளத்தை எதிர்பார்க்க முடியாது. விலையைப் பார்க்கும் கண் அடியிலிருக்கும் நிபந்தனையையும் பார்த்தாக வேண்டும்.

யூரோஸ்டாருக்குக் கூடுதல் கவனம் தேவை. லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்திலேயே பிரெஞ்சு அதிகாரிகள் பாஸ்போர்ட்டைச் சோதிக்கிறார்கள். பிரிட்டிஷ் விசா மட்டும் வைத்துக்கொண்டு பாரிஸுக்கு ரயிலேற முடியாது. டிக்கெட் இருந்தும் விசா இல்லாதவர் லண்டனிலேயே நிற்கவேண்டியதுதான்.

இறங்கியதும் ரயிலா?

அடுத்த பொறி, விமானம் இறங்கும் நாள். டெல்லியிலிருந்து வரும் விமானம் காலை 7 மணிக்கு இறங்கும், 9 மணி ரயிலைப் பிடித்துவிடலாம் என்ற கணக்கு காகிதத்தில் அழகாக இருக்கும். விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் ரயில் நிறுவனத்துக்கு அதில் சம்பந்தமில்லை. விமான நிறுவனமும் கைவிரித்துவிடும். இரண்டும் தனித்தனி ஒப்பந்தங்கள். போதாக்குறைக்கு 2025 அக்டோபர் 12இல் ஷெங்கன் நாடுகள் எல்லையில் விரல்ரேகையும் முகப்படமும் பதிவு செய்யத் தொடங்கியிருக்கின்றன. வரிசை எவ்வளவு நேரம் நகரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

வழி மூன்று. முதல் நாள் இறங்கிய ஊரிலேயே தங்கிவிடுவது. அல்லது அந்த ஒரு ரயிலுக்கு மட்டும் கட்டுப்பாடு இல்லாத டிக்கெட் வாங்குவது. அல்லது லுஃப்தான்ஸா, ஏர் பிரான்ஸ் போன்ற நிறுவனங்கள் விமானத்தோடு ரயிலையும் சேர்த்து விற்கும் ஒரே டிக்கெட்டை எடுப்பது. கடைசி வழியில் விமானம் தாமதமானால் அடுத்த ரயிலில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு.

பாஸ் இருந்தால் போதுமா?

வெளிநாட்டு ரயில் என்றாலே பல இந்தியர்களுக்கு நினைவுக்கு வருவது 1959இல் அறிமுகமான யூரெயில் பாஸ். இன்று 33 நாடுகளில் செல்லுபடியாகிறது. பாஸ் இருந்தால் முன்பதிவுக் கவலையே இல்லை என்பது பரவலான நம்பிக்கை. பாதிதான் உண்மை. ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்விட்சர்லாந்தின் பெரும்பாலான ரயில்களில் பாஸைக் காட்டி ஏறலாம். ஆனால் டிஜிவியிலும் யூரோஸ்டாரிலும் இத்தாலிய அதிவேக ரயில்களிலும் தனியாக இருக்கை பதிவு செய்து கட்டணமும் கட்டவேண்டும். அந்தக் கட்டணம் சுமார் 10 யூரோவிலிருந்து 30 யூரோவுக்கு மேலும் போகும். பாஸ்காரர்களுக்கான இடங்களும் கொஞ்சம்தான். கோடையில் அவை தீர்ந்தபின் ரயிலில் இடம் காலியாக இருந்தாலும் பாஸ் உதவாது.

இரவு ரயில்களும் அப்படியே. ஆஸ்திரிய ரயில்வே 2016 டிசம்பரில் தொடங்கிய நைட்ஜெட் ரயில்களில் படுக்கைகள் குறைவு, ஆசைப்படுகிறவர்கள் அதிகம். இதற்கு இந்தியப் பழக்கமே சரி. திறந்ததும் எடுத்துவிடவேண்டும்.

ஸ்விட்சர்லாந்தின் டிராவல் பாஸ் வேறு ரகம். ரயில், பஸ், படகு மூன்றுக்கும் அதுவே டிக்கெட். பெற்றோருடன் வரும் 6 முதல் 15 வயதுவரையான பிள்ளைகள் குடும்ப அட்டையில் இலவசம். இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இது பெரிய மிச்சம். முன்பதிவு தேவைப்படுவது சில சுற்றுலா ரயில்களுக்குத்தான். ஸெர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் வரை 291 பாலங்களையும் 91 குகைப்பாதைகளையும் சுமார் 8 மணி நேரத்தில் கடக்கும் கிளேசியர் எக்ஸ்பிரஸில் இருக்கை பதிவு கட்டாயம். பெர்னினா எக்ஸ்பிரஸிலும் அப்படியே. ஆனால் 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமான அதே பெர்னினா தண்டவாளத்தில் சாதாரண ரயில்களும் ஓடுகின்றன. அதே மலை, அதே பனி, முன்பதிவு வேண்டாம், சில பெட்டிகளில் ஜன்னலைத் திறந்து படமும் எடுக்கலாம்.

3,454 மீட்டர் உயரத்திலிருக்கும் யுங்ஃப்ராவ்யோக் விஷயத்தில் அவசரமே ஆபத்து. இரண்டு மாதம் முன்பு தேதி குறித்துப் போகிறவருக்கு அன்று மேகம் மூடியிருந்தால், ஏராளமான ஃபிராங்க் செலவழித்து வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டு வரலாம். சிகரத்தின் நேரடிக் காட்சியைக் காலையில் தொலைக்காட்சியிலோ செல்போனிலோ பார்த்துவிட்டு முடிவெடுக்கிறவரே கெட்டிக்காரர். இன்டர்லேகனில் மூன்று நாள் தங்குகிறவருக்கு மூன்று வாய்ப்புகள்.

ஜப்பான்: பெட்டிக்கும் பதிவு

1964 அக்டோபர் 1இல் ஓடத் தொடங்கிய ஷின்கான்சென், ஐரோப்பியக் கணக்குகளைப் பொய்யாக்குகிறது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்குச் சில நிமிடங்களுக்கு ஒரு ரயில். கட்டணம் சுமார் 14,000 யென். முன்கூட்டி வாங்கினால் சிறு சலுகைகள் உண்டு, ஆனால் ஐரோப்பா அளவுக்கு வித்தியாசம் கிடையாது. முன்பதிவு இல்லாத பெட்டிகளும் உண்டு. சாதாரண நாட்களில் நேராக நிலையத்துக்குப் போய் வாங்கினாலே போதும்.

விதிவிலக்கு விடுமுறைகள். ஏப்ரல் கடைசியில் தொடங்கும் 'கோல்டன் வீக்', ஆகஸ்ட் நடுவில் ஓபோன், புத்தாண்டு ஆகிய நாட்களில் நொஸோமி ரயில்கள் முழுக்க முன்பதிவுப் பெட்டிகளோடுதான் ஓடுகின்றன. கோல்டன் வீக் நம் பள்ளிகளின் கோடை விடுமுறையோடு மோதுகிறது என்பதை இந்தியக் குடும்பங்கள் கவனிக்கவேண்டும்.

இன்னொரு கவனம் லக்கேஜ். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு அதற்கென இடமுள்ள இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும். 2020 மேயில் வந்த விதி. செய்யாவிட்டால் 1,000 யென். ஊறுகாய், முறுக்கு, ரெடிமேட் உப்புமா சகிதம் கிளம்புகிறவர்கள் வீட்டிலேயே டேப் வைத்து அளந்துவிடுவது நல்லது.

ஒரு காலத்தில் கேள்வி கேட்காமல் வாங்கப்பட்ட ஜப்பான் ரயில் பாஸும் இப்போது யோசிக்க வைக்கிறது. ஏழு நாள் பாஸின் விலை 2023 அக்டோபர் 1இல் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாகத் தாவியது. டோக்கியோ-கியோட்டோ போய்வர 28,000 யென் போதும் எனும்போது பாஸ் நஷ்டம்.

பக்கத்து நாடுகள்

இலங்கையில் கண்டியிலிருந்து எல்ல போகும் மலை ரயிலுக்கு இந்திய விதிதான். ஒரு மாதம் முன்பு திறக்கும் முன்பதிவு இருக்கைகள் சட்டென்று தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் இடைத்தரகரிடம் பல மடங்கு கொடுக்க வேண்டியதில்லை. முன்பதிவில்லாத இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பெட்டிகளில் அன்றே டிக்கெட் வாங்கி ஏறலாம். தோட்டத் தமிழர்கள் நிறைந்த அந்தப் பெட்டிகளில் பேச்சுத் துணைக்கும் பஞ்சமில்லை. ஆனால் 2025 நவம்பரில் வந்த திட்வா புயல் மலையகப் பாதையைப் பலமாகச் சேதப்படுத்தியது. எந்தப் பகுதியில் ரயில் ஓடுகிறது என்று விசாரித்தபின்பே அறை பதிவு செய்யவேண்டும்.

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸிலிருந்து மலேசியாவின் ஜொகூர் பாருவுக்குப் போகும் ஷட்டில் ரயில் பயணம் ஐந்தே நிமிடம். ஆனால் பாலத்தில் மணிக்கணக்கில் நிற்கும் பஸ்ஸிலிருந்து தப்பிக்க எல்லோரும் அதையே நாடுவதால் வார இறுதி டிக்கெட்டுகள் முன்கூட்டியே தீர்ந்துவிடுகின்றன. தூரத்தை வைத்து முன்பதிவின் அவசியத்தை எடைபோட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

கிளம்பும் முன்...

● ஐரோப்பாவில் புதிய கால அட்டவணை பெரும்பாலும் டிசம்பர் இரண்டாவது ஞாயிறன்று அமலாகிறது. அதற்குப் பிந்தைய ரயில்கள் ஆகஸ்டில் தென்படாவிட்டால் பயப்பட வேண்டாம். விற்பனை இன்னும் திறந்திருக்காது.

● ஊருக்குப் பல நிலையங்கள். பாரிஸில் மட்டும் அரை டஜன் பெரிய நிலையங்கள். வெனிஸ் தீவுக்குள் போக 'சாந்தா லூசியா'. 'மெஸ்த்ரே' கரையிலேயே நின்றுவிடும்.

● இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தானாகத் திறந்திருக்காது. 2020 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி வாடிக்கையாளரே அதை இயக்கவேண்டும். மலிவு டிக்கெட் கண்ணில் படும் நேரத்தில் அட்டை மறுக்கப்படுவது இதனால்தான்.

● பிரான்சிலும் இத்தாலியிலும் வேலைநிறுத்தம் சகஜம். பெரும்பாலும் முன்னறிவிப்போடு வரும். இத்தாலியில் வார நாள் வேலைநிறுத்தங்களின்போதும் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் வட்டார ரயில்களில் உத்தரவாதமான சேவை உண்டு.

● ஐரோப்பிய யூனியனில் ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால் பொதுவாகக் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரமானால் 50 சதவீதம் இழப்பீடு கேட்கலாம். டிக்கெட்டைத் தூக்கி எறிய வேண்டாம்.

கணக்கு கடைசியில் இப்படி முடிகிறது. எல்லாவற்றையும் முன்பே பதிவு செய்கிறவர், மழை பெய்தாலும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் டிக்கெட்டின் பின்னால் ஓடுகிறார். எதையுமே பதிவு செய்யாதவர், அன்றைய விலையைப் பார்த்து மலைத்து நிற்கிறார். இரண்டு பெரிய நகரங்களுக்கு நடுவிலான நீண்ட அதிவேகப் பயணங்களையும் படுக்கை ரயில்களையும் விசா வந்ததும் பதிவு செய்துவிட்டு, நடுவிலிருக்கும் நாட்களை வானிலைக்கும் ஆசைக்கும் விட்டுவிடுவதே லாபமான வழி. அந்த நாட்களில் ஒரு ரயிலைத் தவறவிட்டாலும் பாதகமில்லை. அடுத்தது வந்துகொண்டிருக்கும்.